தோட்டப் பாடசாலை ஆசிரியரும் வாக்குரிமையும்

இலங்கையின் குடியியற் பாடநூல்கள் 1931ஆம் ஆண்டைப் பெருமையுடன் குறிப்பிடுகின்றன. டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி அவ்வாண்டில் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாரும் வாக்களிக்கும் உரிமை பெற்றனர். ஆசியாவின் பிற நாடுகள் பல அந்நிலையை எய்துதற்கு முன்னரே இத்தீவு அதனை எய்திற்று. இக்கூற்று உண்மையே. ஆயினும், யட்டியாந்தோட்டையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டப் பாடசாலைகளுள் ஒன்றில் இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர் அவ்வளவில் நிறுத்திக்கொள்ள இயலாது. தன் பாட்டனாரும் முப்பாட்டனாரும் அன்று வாக்களித்தனரோ என்று ஒரு மாணாக்கன் வினவுவானாயின், அதற்குப் பாடநூலில் விடையில்லை. சிலர் வாக்களித்தனர், பலர் வாக்களிக்கவில்லை, வாக்களித்தவரும் பின்னர் அதனை இழந்தனர் என்பதே விடை. அவ்விடையைக் கூறும் ஆசிரியர் தாம் வாக்களிக்கும் முறையாலும் அதற்கு உரை எழுதுபவராகின்றார். வேறெவ்விடத்து ஆசிரியர்க்கும் இல்லாத பொறுப்பு இது.

யட்டியாந்தோட்டை களனி கங்கைப் பள்ளத்தாக்கில், அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்குச் செல்லும் பெருந்தெருவில் அமைந்துள்ளது. நுவரெலியா மாவட்டத்திற்போல இங்குத் தோட்டங்கள் மலைக்கு மலை தொடர்ந்து கிடப்பதில்லை. சிங்களக் கிராமங்களின் இடையிடையே அவை சிதறிக் கிடக்கின்றன. ஆதலால் கேகாலை மாவட்டத்துத் தோட்டத் தமிழர் எங்கும் சிறுபான்மையினராகவே வாழ்கின்றனர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசு ஏழு இடங்களை வென்றது. அவற்றுள் ஒன்றேனும் இம்மாவட்டத்தைச் சார்ந்ததன்று. இவ்விடத்துத் தமிழரின் வாக்கு, அயலாரின் வாக்கோடு சேர்ந்து ஒரு பொது நோக்கத்திற்காக அளிக்கப்பட்ட வாக்காகவே தொடக்கமுதல் இருந்து வந்தது.

அதற்குச் சான்று கலாநிதி என். எம். பெரேராவின் வரலாறு. 1934–35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலைப் பகுதியை வாட்டியபோது, இலண்டனிற் பொருளியல் பயின்று மீண்ட அவரும் அவர்தம் தோழரும் ஊரூராகச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். பருப்பு வழங்கியமையால் ‘பருப்பு மாத்தயா’ என்னும் பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. 1935 டிசம்பரில் இலங்கைச் சமசமாசக் கட்சி தோன்றியது. அடுத்த ஆண்டே அவர் றுவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். பின்னர் 1960 முதல் 1977 வரை யட்டியாந்தோட்டைத் தொகுதியின் பிரதிநிதியாக விளங்கினார். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமை மசோதாவைப் பாராளுமன்றத்தில் எதிர்த்து நின்றவர்களுள் அவரும் ஒருவர். அவர்தம் கட்சி பங்கு கொண்ட அரசாங்கமே 1964இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையைச் செய்தது என்பதும் வரலாறே. இவ்விரண்டனுள் ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் கற்பிப்பவர் கட்சிப் பிரசாரகர் ஆவாரேயன்றி ஆசிரியர் ஆகார்.

வாக்குரிமை இழந்த கதையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். 1931இலேயே தோட்டத் தொழிலாளர்க்கு வழி அகலத் திறக்கப்படவில்லை. இந்நாட்டை நிலையான உறைவிடமாகக் கொண்டமையை மெய்ப்பித்தல், அன்றேல் எழுத்தறிவும் குறித்த வருமானமும் உடைமை, அன்றேல் நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெறுதல் என்னும் வாயில்களுள் ஒன்றின் வழியாகவே அவர்கள் புகவேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரைப் பிரசைகள் அல்லாதோர் ஆக்கிற்று. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் பிரசைகள் அல்லாதோரின் வாக்கைப் பறித்தது. முதற் சட்டம் இன்னார் என்று எவரையும் பெயர் சுட்டிக் கூறவில்லை, இரண்டாவதும் அங்ஙனமே. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதே அவற்றின் பயன் புலனாகும்.

அப்பயனை நீதிமன்றத்தில் எதிர்த்து எழுந்த வழக்கு, யட்டியாந்தோட்டையின் அயலிலேயே பிறந்தது என்பதை இப்பகுதி மாணாக்கர் பலர் அறியார். கொடக்கன்பிள்ளை என்பார் 1951இல் றுவன்வெல்லைத் தொகுதியின் தேருநர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு விண்ணப்பித்தார். இடாப்பைத் திருத்தும் அலுவலர், மேற்கூறிய சட்டங்கள் சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை எனக் கண்டு, அவர் பெயரைச் சேர்க்கத் தீர்ப்பளித்தார். ஓர் இனத்தவர்க்கு மட்டும் உரித்தான தடையைச் சட்டத்தால் விதித்தலாகாது என்பதே அப்பிரிவின் சாரம். உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்றது. தன் பிரசைகள் யாவர் என வரையறுத்தல் ஒரு நாட்டின் சட்டமன்றத்திற்கு இயல்பாயுள்ள அதிகாரம் என்று கூறி, 1953இல் அக்கழகம் மேன்முறையீட்டைத் தள்ளிற்று. வழக்குத் தோற்றது. எனினும் இடாப்பில் ஒரு பெயரை ஏற்றுவதற்காக ஒருவர் இரண்டு நீதிமன்றங்களின் படியேறினார் என்னும் செய்தி, குடியியல் வகுப்பில் ஒருமணி நேர விரிவுரையினும் வலியது.

மற்றொரு வாயிலை 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாக்கிஸ்தானியக் குடிகள் பிரசாவுரிமைச் சட்டம் திறந்தது. ஆனால் ஒடுக்கமாகவே திறந்தது. 1946 சனவரி 1ஆந் தேதிக்கு முற்பட்ட பத்தாண்டுகள், மணமானவராயின் ஏழாண்டுகள், இந்நாட்டில் இடையறாது வதிந்தமையைத் தாள்களால் மெய்ப்பித்தல் வேண்டும். எட்டு இலட்சத்திற்கு மேற்பட்டோரின் பொருட்டு ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் சென்றன. பிரசாவுரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்தினும் குறைவு. எழுத்தறிந்தோர் அரிதாயிருந்த லயங்களில் அப்படிவங்களை நிரப்பத் தொழிற்சங்க அலுவலரையும், கணக்கப்பிள்ளையையும், பாடசாலை ஆசிரியரையுமே மக்கள் நாடினர். பிறந்த தேதி அறியாத முதியவருக்குத் தேதி வேண்டும். தமிழகத்துக்குப் போய் வந்த திங்களும் ஆண்டும் வேண்டும். கங்காணியின் பேரேட்டில் ஒருவாறும், துரையின் பதிவில் வேறொருவாறும் எழுதப்பட்ட ஒரே பெயருக்கு விளக்கம் வேண்டும். எழுத்தொன்று பிறழின் ஒரு குடும்பத்தின் நாடு பிறழும். தமிழ் நெடுங்கணக்கின் அருமையை இதனினும் கொடிதாகக் கற்பித்த காலம் வேறில்லை.

1964 அக்டோபர் 30இல் இருநாட்டுப் பிரதமரும் 975,000 மக்களைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என வகுத்தனர். எஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பகிர்ந்தனர். 1977இல் எஸ். தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து தெரிவானார். 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்களாலும், ஈற்றில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் நாடற்றோர் என்னும் நிலை சட்ட நூலிலிருந்து நீங்கிற்று. இதற்கிடையே 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களாற் சப்பிரகமுவத் தோட்டங்கள் சிலவற்றிலிருந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. வீட்டோடு எரிந்த தாள்களை மீளப் பெறுதல், எரிந்த வீட்டை மீளக் கட்டுதலினும் கடினமாயிருந்தது.

இக்காலமெல்லாம் தோட்டப் பாடசாலை ஆசிரியர் எந்நிலையிலிருந்தார்? தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைக்கும் கடமையை 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. கடமை நிருவாகத்தினுடையது ஆகவே, பாடசாலைக் கட்டடமும் ஆசிரியரின் குடியிருப்பும் சம்பளமும் துரையின் கையிலேயே இருந்தன. ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள். அத்தகைய ஆசிரியர் துரை விரும்பாத கூட்டத்திற்குச் செல்லத் துணிதல் அரிது. அவரிடம் குடிமைத் துணிவை எதிர்பார்த்தல் நியாயமன்று. அங்ஙனமிருந்தும் துணிந்தவர் சிலர் இருந்தனர் என்பதே வியப்பு. 1977 முதல் படிப்படியாகப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபின் நிலைமை மாறிற்று. தோட்டத்திற் பிறந்த இளைஞர் ஆசிரியராயினர்; துரைக்கன்றிக் கல்வித் திணைக்களத்துக்கு விடையிறுப்பவராயினர். தாயோ தந்தையோ நாடற்றவராயிருந்த வீட்டிலிருந்து வந்து, அதே லயத்துப் பிள்ளைகளுக்குக் குடியியல் கற்பிக்கும் தலைமுறை இவ்வாறு உருவாயிற்று.

ஆசிரியர் பொதுக்கருமத்தில் தலையிடுதல் தமிழர்க்குப் புதிதன்று. 1879இல் சட்டநிரூபண சபையின் தமிழ்ப் பிரதிநிதித்துவம் வெற்றிடமானபோது, யாழ்ப்பாணத்திற் கூட்டம் கூட்டிப் பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்தவர் ஆறுமுக நாவலர். அன்று மக்களுக்கு வாக்கில்லை. நியமனம் தேசாதிபதியின் கையில் இருந்தது. வாக்கில்லாத காலத்திலும் கருத்துண்டு என்று காட்டியமையே நாவலரின் அச்செயல். அவர் ஆதரித்த இராமநாதனே பிற்காலத்தில் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார் என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று. அதனை எண்ணி நாவலரின் முயற்சியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பெரியோரின் கருத்தையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும் என்பதற்கு அதனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

வாக்கு மறுக்கப்பட்ட மக்களிடையே ஆசிரியர் செய்யக்கூடியது யாது என்பதற்கு, மலையகத்துக்கு மிக அணித்தான உவமை கடல் கடந்து அமெரிக்காவின் தென்பகுதியிற் கிடைக்கின்றது. அங்குக் கறுப்பின மக்களுக்குச் சட்டத்தில் வாக்கிருந்தது. பதிவு அலுவலரின் மேசையில் இல்லை. எழுத்தறிவுச் சோதனை என்னும் பெயரால் பட்டதாரிகளையும் திருப்பியனுப்பினர். தென் கரோலினா மாநிலத்தில் ஏறத்தாழ நாற்பதாண்டு கற்பித்த செப்டிமா கிளார்க் என்னும் அம்மையார், குடியுரிமை இயக்கமொன்றின் உறுப்புரிமையைக் கைவிட மறுத்தமையால் 1956இற் பதவி நீக்கப்பட்டார். அவர் சோர்ந்திலர். 1957 சனவரியில் ஜோன்ஸ் தீவில் ஒரு கடையின் பின்னறையில் முதியோர்க்கான குடியுரிமைப் பள்ளி தொடங்கிற்று. அங்குக் கற்பித்த பெர்னிஸ் ரொபின்சன் தொழிலால் ஆசிரியை அல்லர். கூந்தல் ஒப்பனை செய்பவர். தம் பெயரை எழுதவும், காசுக்கட்டளைப் படிவத்தை நிரப்பவும், வாக்காளர் பதிவுத் தாளை வாசிக்கவும் அங்கு முதியோர் கற்றனர். எழுத்தறிவிப்பையும் வாக்குரிமையையும் வேறு வேறாகப் பிரிக்காமை அப்பள்ளியின் சிறப்பு.

அலபாமா மாநிலத்துச் செல்மா நகரில் நிகழ்ந்தது இன்னும் நேரடியானது. 1965 சனவரி 22ஆந் தேதி, பாடசாலை முடிந்த பிற்பகல், விஞ்ஞான ஆசிரியரும் போதகருமான பிரெடரிக் ரீஸ் என்பவரின் தலைமையில் நூற்றுக்கு மேற்பட்ட கறுப்பின ஆசிரியர் வாக்காளராகப் பதியுமாறு கோரி நீதிமன்றக் கட்டடத்தை நோக்கி நடந்தனர். சிறை செல்ல நேரினும் ஆயத்தம் என்பதற்கு அடையாளமாகப் பலர் பற்றூரிகையையும் உடன் கொண்டனர். காவற்றலைவர் அவர்களைப் படிகளிலிருந்து தள்ளினார்; அவர்கள் மீண்டும் ஏறினர். பதிவு நிகழவில்லை. ஆயின் அவர்கள் திரும்பிவந்தபோது வரவேற்றவர்கள் அவர்தம் மாணாக்கர். வெள்ளையரான கல்விச் சபையின் கையிற் சம்பளத்தை வைத்திருந்த ஆசிரியர், ஊரில் இழத்தற்கு மிகுதியாக உடையவர். அவரே நடந்தமை கண்டு பிற தொழிலினரும் அணியணியாக எழுந்தனர். அவ்வாண்டு ஆகத்து 6ஆந் தேதி வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. தோட்டத் துரையின் குடியிருப்பில் வாழ்ந்த ஆசிரியரின் அச்சத்தை அறிந்தவர்க்கு, செல்மா ஆசிரியரின் செயல் எத்துணை அரிது என்பது விளக்காமலே விளங்கும்.

இன்றைய யட்டியாந்தோட்டையில் ஆசிரியர் எவர்க்கும் பற்றூரிகை வேண்டியதில்லை. வேண்டுவன அதனினும் சிறியன. சிறியன ஆதலாலேயே தவறவிடப்படுவன. பதினைந்து வயது நிரம்பிய மாணாக்கர்க்கு ஆளடையாள அட்டை விண்ணப்பம் பாடசாலை அதிபர் வாயிலாகவே செல்கின்றது. பாடசாலையை விட்டு நீங்கியவர்க்கோ தோட்ட அத்தியட்சகரின் உறுதிப்பாடு வேண்டியிருக்கும். ஆகவே பத்தாம் வகுப்பிற் செய்து முடிக்கும் ஒரு காரியம், பின்னர் துரையின் அலுவலக வாயிலிற் காத்து நிற்கும் நாள்களைத் தவிர்க்கின்றது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் வேறொரு பெயர், வீட்டில் மூன்றாவதொரு பெயர் என வாழும் பிள்ளை தோட்டங்களிற் புதுமையன்று. தமிழ்ப் பெயர் சிங்கள எழுத்திற் புகுந்து மீண்டும் தமிழுக்கு வருகையிற் பெறும் உருமாற்றம் தனி ஆய்வுக்குரியது. இவற்றைக் காலத்தோடு திருத்துவிக்கும் வகுப்பாசிரியர், தாம் அறியாமலே ஒரு வாக்காளரை உருவாக்குகின்றார்.

வாக்களிக்கும் முறையைக் கற்பித்தலும் கட்சிச் சார்பற்ற கருமமே. 1959ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வாக்களிக்கும் வயது பதினெட்டாயிற்று. உயர்தர வகுப்பு மாணாக்கர் சிலர் பாடசாலைச் சீருடையிலிருக்கும்போதே வாக்காளர். 2024 செப்டெம்பரில் நடந்த சனாதிபதித் தேர்தலில் முதற்றடவையாக இரண்டாம் விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டன. அத்தேர்தலில் மூன்று இலட்சம் வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலிலோ நிராகரிக்கப்பட்டவை ஆறு இலட்சத்தையும் கடந்தன. ஒரு தேர்தலில் 1, 2, 3 என எண்ணிடுதல். மற்றொன்றிற் கட்சிக்குப் புள்ளடியிட்டபின் வேட்பாளரின் இலக்கங்களுக்குப் புள்ளடியிடுதல். இவ்வேறுபாட்டை வாக்குச்சீட்டின் மாதிரியொன்றை வரைந்து கால்மணி நேரத்தில் விளக்கலாம். அதனைக் கேட்ட பிள்ளை வீட்டிற் சென்று பாட்டிக்குச் சொல்லும். தோட்டங்களிற் செய்தி மேலிருந்து கீழ்நோக்கி மட்டும் பாய்வதில்லை.

இங்கு ஒரு முரண் உண்டு. தேர்தல் நாளில் வாக்கெடுப்பு நிலையங்களாவன பெரும்பாலும் பாடசாலைகளே. அங்குப் பணிபுரியும் அலுவலருட் பலர் ஆசிரியரே. மாணாக்கன் எழுதும் மேசைமேல் வாக்குப் பெட்டி அமர்கின்றது. ஆயினும் தேர்தற் கடமையிலுள்ள ஆசிரியர் தபால் மூலம் முன்னரே வாக்களித்து விடுகின்றார். தோட்டத்தார் வரிசையில் நிற்கும் காலை, தம் ஆசிரியரும் ஒரு வாக்காளராய் நிற்பதை மாணாக்கன் காண்பதில்லை. வேற்றூரிற் பிறந்து இங்குக் கற்பிப்பவரின் பெயரோ தம் ஊர் இடாப்பிலேயே இருக்கின்றது. ஆகவே ஆசிரியர் வாக்களிப்பதைக் காட்டும் வாய்ப்பு இயல்பாக அமையவில்லை, சொல்லியே காட்டவேண்டியுள்ளது. தபால் வாக்கு என்றால் என்ன, அதற்கு எப்போது விண்ணப்பித்தார், எந்நாளில் அளித்தார் என்பவற்றை வகுப்பில் வெளிப்படையாகக் கூறலாம். யாருக்கு அளித்தார் என்பதை மட்டும் கூறலாகாது. மாணாக்கர் வற்புறுத்திக் கேட்பர். நகைத்து மறுத்தலும் ஒரு பாடமே.

இம்மறுப்பு தோட்டத்தில் மிக இன்றியமையாதது. சங்கத் தலைவர் சுட்டியவாறே லயம் முழுதும் வாக்களித்தல் என்னும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. வாக்கற்றிருந்த மக்களுக்கு ஒற்றுமை ஒன்றே படைக்கலமாயிருந்த காலத்தின் எச்சம் அது. அதனை இகழ்தல் தகாது. ஆயினும் சங்கத் தலைவரின் இடத்தில் ஆசிரியரை அமர்த்துதல் முன்னேற்றம் அன்று. ஆசிரியர் பலர் உள்ளூராட்சித் தேர்தல்களிற் போட்டியிட்டுள்ளனர். சட்டம் இடங்கொடுப்பதனால் வகுப்பறையும் இடங்கொடுத்ததாகாது. வேட்பாளரான ஆசிரியரின் வகுப்பில் புள்ளிக்கு அஞ்சி ஒரு பிள்ளை தன் தந்தையின் கட்சியை மறைக்குமாயின், அங்குக் குடியியல் தோற்றது.

தேர்தலினாற் பயன் யாது என்று கேட்கும் மாணாக்கனுக்கு நூலைத் தேடவேண்டுவதில்லை. பிரதேச சபையே போதும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, தோட்டத்தார் சபைக்கு வாக்களித்தும் சபையின் பணம் தோட்டத்துள் நுழையத் தடையிருந்தது. பெருந்தெருவிலிருந்து லயத்துக்குச் செல்லும் பாதையின் குழிகளுக்குக் காரணம் இப்பிரிவிலும் இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. சட்டம் மாறியபின் எந்தப் பாதை செப்பனிடப்பட்டது, எது செப்பனிடப்படவில்லை, அதற்கு யாரிடம் எழுதுவது என்று மாணாக்கரைக் கொண்டே ஆராய்வித்து, மும்மொழியுள் இயன்ற மொழியில் மனு வரைவித்தலைச் சிறந்த பயிற்சியெனலாம். மாணவர் பாராளுமன்றமும் அத்தகைய பயிற்சிக்கெனவே பாடசாலைகளில் அமைக்கப்பட்டது. அதன் பிரதமரை அதிபரே தெரிந்து நியமித்துவிட்டு வாக்குச்சீட்டைப் பெயரளவுக்கு வழங்குவாராயின், பிள்ளைகள் கற்பது வேறொரு பாடம். அதனையும் அவர்கள் விரைந்தே கற்பர்.

தேருநர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றது. வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றது. பெயர் விடுபட்டவர் உரிமைக்கோரிக்கை செய்யலாம். தோட்ட வேலை நாள்களிற் பெற்றோர் கிராம உத்தியோகத்தரின் அலுவலகத்துக்குச் செல்வாராயின் ஒருநாட் சம்பளம் போகும். உயர்தர வகுப்பு மாணாக்கர் பிற்பகலிற் செல்லலாம். தம் லயத்தின் வீட்டு இலக்கங்களை வரிசையாக எழுதிச் சென்று, இடாப்போடு ஒப்பிட்டு, இல்லாத பெயர்களைக் குறித்துவர அவர்க்கு ஒரு மணி நேரமே செல்லும். குறித்து வந்தவற்றை மறுநாள் வகுப்பில் வைத்து, எவர் பெயர் எக்காரணத்தால் விடுபட்டது என்று ஆசிரியர் அவர்களோடு அமர்ந்து பார்க்கலாம்.